எட்டாம் வகுப்புக்கு ஸ்கர்ட்டா, சுடிதாரா

நான் வேலை பார்த்த பள்ளியில் இந்த வருடம் சீருடையை மாற்றிவிட்டார்கள். பெற்றோருக்குக் கைபேசியில் ஒரு படம் போயிருக்கிறது. ஒரு பையன், ஒரு பெண், தலை முதல் கால் வரை அம்புக்குறிகள். கூட்டம் கிடையாது, கேள்வி கிடையாது. அலுவலகத்தில் இப்போது இருக்கும் பெண் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க காலத்துல ஹால்ல ஆயிரம் பேரை உக்கார வெச்சு யூனிஃபார்ம் சொல்வீங்களாமே, அதை எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போட்டுடலாம்" என்றாள். ஆயிரம் பேர் இல்லை, அறுநூறு பேர். அதைத் திருத்திச் சொல்லிவிட்டு நான்கு பத்தி எழுதிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

அந்த நான்கு பத்தியில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று என் ஓரகத்தி சுபாவிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. ஆனா முழுசா எழுதுங்க" என்றாள்.

1980-இல் கிழக்குத் தாம்பரத்தில் அந்தப் பள்ளியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டென்சில் வெட்டினேன், மை பூசினேன், மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைத் தப்பில்லாமல் அடிக்கப் பழகினேன். நான்காவது வருடம் ஜெபமணி மேடம் பிரின்சிபாலாக வந்தார். அதற்குப் பிறகுதான் அது பள்ளிக்கூடம் மாதிரி ஆயிற்று.

மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஒரு மர அடிக்கோலை வைத்து, வரிவரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். அடிக்கோல் நின்றால் அந்த வரியில் ஏதோ தப்பு என்று அர்த்தம். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். காலையில் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பிள்ளைகளைப் பார்ப்பார். ஸ்கர்ட் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறதா, ரெட்டைப் பின்னல் மடித்துக் கட்டியிருக்கிறதா, பையன்கள் சட்டைக் காலர் பித்தான் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அவர் கண்ணுக்கே தெரியும். அளந்து பார்த்ததில்லை.

சீருடை விதிகளை ஒரே தாளில் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தது அவர்தான். பதினான்கு விதிகள் எழுதினேன். ஸ்கர்ட்டுக்கு முன்னால் மூன்று பெட்டி மடிப்பு, பின்னால் மூன்று. வாரத்தில் நான்கு நாள் நீலக் கட்டம், புதன்கிழமை வெள்ளை, வெள்ளைக்குக் கான்வாஸ் ஷூ. காதில் தொங்குகிற எதுவும் கூடாது. பூ கூடாது. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இதை நீங்களே பேரண்ட்ஸ்க்குச் சொல்லிடுங்க, மிஸஸ் லலிதா. எழுதினவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். அப்படித்தான் அந்த வேலை என் வேலையாயிற்று.

ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மேடையில் நின்று ஒன்று முதல் பதினான்கு வரை வாசிப்பேன். பிறகு கேள்விகள். முடிச்சூரிலிருந்து ஒருவர், திருப்பதியில் மொட்டை போட்ட பெண்ணுக்கு ரிப்பனை எங்கே கட்டுவது என்று கேட்டார். சபரிமலைக்கு மாலை போட்ட பையன் ஷூ போடலாமா என்று ஒருவர். துக்கவீட்டுப் பிள்ளைக்கு எத்தனை நாள் விலக்கு என்று ஒருவர். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். இல்லாததற்கு, "மேடத்திடம் கேட்டு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்" என்பேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். யாரும் கைதட்டவும் மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் பயம் இருக்க வேண்டும், அந்தப் பயம் என் குரலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுபா என் கொழுந்தன் மனைவி. சிட்லபாக்கத்தில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அவள் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். 1988-இல் பள்ளி அலுவலகத்தில் பெற்றோரை விசாரித்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று மேடம் சொன்னபோது, நானேதான் சுபாவின் பெயரைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வரலாம், டிபன்பாக்ஸ் ஒன்றாகக் கட்டலாம் என்று நினைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சேர்ந்த ஆறு மாதத்தில் அவள் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது. அலுவலகத்தில் இரண்டு ஜன்னல்கள். என் ஜன்னலில் ஆள் இல்லாவிட்டாலும் அவள் ஜன்னலில் எட்டுப் பேர் நிற்பார்கள். நான் எட்டிப் பார்த்து, "இங்க வாங்க" என்றால், "பரவால்லம்மா, அந்தம்மாகிட்டயே கேட்டுக்கறோம்" என்பார்கள். நான் தட்டச்சு செய்தபடியே எண்ணுவேன். காலையில் பதினேழு பேர் அவளுக்கு, நாலு பேர் எனக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் விதியைச் சொல்கிற விதமே வேறு. ரெட்டைப் பின்னல் எதற்கு என்று ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். நானாக இருந்தால் விதி எண் ஒன்பது என்றிருப்பேன். சுபா, "சார், முன்னாடி பெஞ்சுல உங்க பொண்ணு, பின்னாடி பெஞ்சுல ஒரு வாலு. ஒத்தப் பின்னல் தொங்கினா அதைப் பெஞ்சுல கட்டி வெச்சிடுவான். மடிச்சுக் கட்டினா அவனுக்கு வேலையில்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் அந்தப் பெண் ரெட்டைப் பின்னலோடு வந்தது. அதே விதி, நான் எழுதிய விதி.

ஒரு நாள் அவள் எதையோ சொல்ல, மேடம் சிரித்தார். பல் தெரியாத சின்னச் சிரிப்புதான். ஆனால் நான் அவரிடம் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன், என்னிடம் ஒரு தடவையும் சிரித்ததில்லை. அன்றைக்கு ஸ்டென்சிலில் மூன்று தப்பு விட்டேன்.

1990 ஏப்ரலில் மேடம் என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் கூட்டத்தில சுபா பேசட்டும். நீங்க பக்கத்தில ஃபைலோட இருங்க. அவங்களுக்கு மறந்தா எடுத்துக் கொடுங்க" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த வருடக் கூட்டத்தில் பெற்றோர் கைதட்டினார்கள். சீருடைக் கூட்டத்தில் கைதட்டல். நான் மேடைக்குப் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "எப்படிப் பேசினா நம்ம சுபா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இனி அடுத்த வருடத்துக்கு வருகிறேன்.

அதுவரை ஒன்பதாம் வகுப்பு முதல்தான் பெண்களுக்குச் சுடிதார். எட்டு வரை ஸ்கர்ட். 1991 கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்புப் பெண்களின் தாய்மார்கள் சிலர் ஏப்ரலில் வந்து கேட்டார்களாம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பஸ்ஸில் வர சங்கடப்படுகிறார்கள் என்று. "நியாயம்தான். எட்டாவதிலிருந்தே சுடிதார் போடட்டும்" என்றார் மேடம். விதித்தாள் ஏற்கெனவே அறுநூறு பிரதி எடுத்து அடுக்கியாயிற்று. "மறுபடி அடிக்க வேண்டாம். கூட்டத்தில சொல்லிட்டாப் போதும். துணிக்கடைக்கு நான் ஃபோன் பண்ணிடறேன். சுபாகிட்ட நீங்க சொல்லிடுங்க."

சுபா அன்று விடுப்பு. குழந்தைக்குத் தடுப்பூசி. நான் ஃபைலில் விதி எண் நான்குக்குப் பக்கத்தில், "எட்டு முதல் சுடிதார்" என்று பென்சிலால் எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்ல மறந்துவிட்டேன். இது உண்மை. சனிக்கிழமை மறக்கவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேலே சிரிப்புச் சத்தம். கதவு திறந்திருந்தது. என் வீட்டுக்காரர், கொழுந்தனார், என் பையன் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சுபா நடுவில் நின்று மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தாளை விறைப்பாகப் பிடித்து, மூக்கை லேசாகத் தூக்கி, "விதி எண் ஒன்று. விதி எண் இரண்டு. மேடத்திடம் கேட்டு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்" என்றாள். என் குரல் அப்படியே இருந்தது. என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

என்னைப் பார்த்ததும் சுபா நாக்கைக் கடித்துக்கொண்டு, "சும்மாக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

"நான் எதுக்குத் தப்பா நினைக்கறேன்" என்றேன். "நாளைக்கு எட்டரைக்குக் கிளம்பணும், அதைச் சொல்ல வந்தேன்."

கீழே இறங்கி வந்தேன். ஃபைலைப் பையில் வைத்தேன். நாளைக்கு ரயிலில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மறுநாள் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனோம்.

ஹால் நிறைந்திருந்தது. மேடம் முதலில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு கரஸ்பாண்டன்ட்டிடமிருந்து ஃபோன் என்று பியூன் வந்து கூப்பிட, எழுந்து போய்விட்டார். சுபா பேசினாள். விதி நான்கை அச்சில் இருந்தபடியே சொன்னாள். ஒன்பது முதல் சுடிதார் என்று சொல்லிவிட்டு ஐந்துக்குப் போனாள். நான் மடியில் ஃபைலைத் திறந்து வைத்திருந்தேன். பென்சில் எழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுந்து நாலு அடி நடந்தால் மேடை.

கேள்வி நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். கறுத்த, உயரமான ஆள். பம்மலிலிருந்து வருபவர், பெயர் கன்னியம்மா. அவர் மகள் ரேவதி எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். "எட்டாங்கிளாஸுக்கு ஸ்கர்ட்டாம்மா, சுடிதாரா? கரீட்டா சொல்லிடுங்க. நான் வூட்லயே தெக்கிறேன்" என்றார்.

"எட்டாவதுக்கு ஸ்கர்ட் தாங்க. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கங்க" என்றாள் சுபா, சிரித்தபடி.

கன்னியம்மா உட்காரவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஒரே ஒரு தடவை. அவர் உட்கார்ந்தார்.

ஏன் ஆட்டினேன் என்று முப்பது வருடமாக யோசித்திருக்கிறேன். சொல்லாமல் இருந்ததற்காவது ஒரு சாக்கு உண்டு, மறதி என்று. தலையாட்டியதற்குச் சாக்கு இல்லை. இவள் தப்பாகச் சொன்னாள் என்று நாளைக்கு மேடத்துக்குத் தெரியட்டும் என்ற ஒரே எண்ணம்தான் அந்த நொடியில் இருந்தது. அந்தத் தப்பைப் போட்டுக்கொண்டு வரப்போவது யார் என்று யோசிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. துணிக்கடையில் விசாரித்து வாங்கியவர்களுக்குப் புது விதி தெரிந்திருந்தது. முன்கூட்டியே துணி வாங்கி வைத்து, கூட்டத்தில் சொன்னபடி வீட்டில் தைத்தவர்களுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் முக்கால்வாசிப் பெண்கள் சுடிதாரில் வந்தார்கள். பதினோரு பேர் ஸ்கர்ட்டில் வந்தார்கள். வேப்பமரத்தடியில் மேடம் அந்தப் பதினோரு பேரையும் ஒதுக்கி நிறுத்தினார். பள்ளி வழக்கப்படி, தப்பான உடையில் வந்தவர்கள் வீட்டிலிருந்து ஆள் வரும்வரை அலுவலக அறையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரேயர் முடியும்வரை வராந்தாவில் மணிக்குக் கீழே நிற்க வேண்டும். எல்லா வகுப்பும் அவர்களைக் கடந்துதான் போகும். எட்டாம் வகுப்புப் பையன்களும்.

பிறகு அவர்களை என் எதிரில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ரேவதி அந்த வரிசையிலேயே உயரமான பெண். அவள் அம்மா எவ்வளவு நீளம் வைத்துத் தைத்திருந்தாலும், உட்கார்ந்தபோது ஸ்கர்ட் முழங்காலுக்கு மேலே ஏறியது. புத்தகப் பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டாள். இடைவேளை மணி அடித்ததும், "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரவா?" என்றாள். நிமிராமலே போ என்றேன்.

அவள் திரும்பி வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பெஞ்சில் அவள் டை மட்டும் மடித்து வைத்திருந்தது. வாட்ச்மேன், பையை முன்னால் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெண் போனதாகவும், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். பதின்மூன்று வயதுப் பெண். வீட்டில் ஃபோன் கிடையாது. வேன் டிரைவரை அனுப்பினோம். மேடம் அறைக்குள் போகாமல் கேட்டிலேயே நின்றார். சுபா அழுதுகொண்டிருந்தாள். ஒரு மணிக்கு டிரைவர் திரும்பி வந்து, பெண் வீட்டில்தான் இருக்கிறது என்றார். சானடோரியம், குரோம்பேட்டை, அங்கிருந்து பம்மல் வரை வெயிலில் நடந்தே போயிருக்கிறாள்.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சுபாவைப் பார்த்து, "எட்டாவதுக்கு ஸ்கர்ட்னு எதுக்குச் சொன்னீங்க?" என்றார்.

"தாள்ல அப்படித்தான் மேடம் இருந்தது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சொல்லச் சொன்னேனே?"

"சொன்னேன் மேடம்" என்றேன்.

சுபா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனா, அவள்தான் கைக்குழந்தையும் வேலையுமாக மறந்துவிட்டாளா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது முகத்தில் தெரிந்தது. "அக்கா சொல்லியிருப்பாங்க மேடம். எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல" என்றாள்.

அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய வருடம் அது. மேடம், "அந்தப் பெண் திரும்பி வரணும். அதுக்கு அப்புறம்தான் உங்க பேப்பரில கையெழுத்துப் போடறதைப் பத்தி யோசிக்கணும்" என்றார். "ரெண்டு பேரும் போய்ப் பேசுங்க."

மறுநாள் பம்மலுக்குப் போனோம். கன்னியம்மா தொழிற்சாலைகளுக்கான தோல் கையுறை தைக்கிறவர். வீட்டு வாசலை ஒட்டித் தையல் மிஷின், பக்கத்தில் வெட்டிய தோல் துண்டுகள் குவிந்து கிடந்தன. எங்களைப் பார்த்தும் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு கையுறையின் ஐந்து விரலையும் தைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரா வந்துகீறீங்க?"

சுபா ஆரம்பித்தாள். "என்னோட தப்புங்க. புது ரூலை மறந்துட்டு, பழசைச் சொல்லிட்டேன். குழந்தையை வெயில்ல நடக்க வெச்சிட்டேன். மன்னிச்சிக்கங்க."

"நீ மறந்துட்டே, சரி. புதுசு, பச்சக்கொழந்தக்காரி." கன்னியம்மா என்னைக் காட்டினார். "இந்தம்மா எத்தினி வருசமா கீறாங்க? நீ ஸ்கர்ட்டுன்னதும் எனக்கு டவுட்டு. ஏப்ரல் மாசமே பெரிய மேடத்தாண்ட நான் வந்து கேட்டவ, செய்யறேன்னாங்க. அதான் இந்தம்மா மூஞ்சியப் பாத்தேன். மடில ஃபைல தொறந்து வச்சிகினு தலைய ஆட்டினாங்க. அத்த நம்பித்தான் ராவும் பகலுமா மூணு செட்டு தெச்சேன்."

சுபா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என் தப்புதாங்க" என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தலையாட்டினேன்."

கன்னியம்மாவுக்கு அது விளங்கவில்லை. "தெரிஞ்சே எதுக்கும்மா ஆட்டணும்? எம்பொண்ணு உன்ன இன்னா பண்ணா?"

"உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல."

உள்ளே இருந்து ரேவதி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மிஸ், நான் வரேன். ஆனா பிரேயர்ல சொல்வீங்களா? எங்க மேல தப்பில்லன்னு. நாங்க பதினோரு பேரும் மணிக்குக் கீழ நின்னத எல்லாரும் பாத்தாங்க."

"சொல்றேன்" என்றேன்.

பல்லாவரத்தில் ரயில் ஏறினோம். ரயில் கிளம்பிய பிறகு, "ஃபைல்ல இருந்துதாக்கா?" என்றாள்.

"இருந்தது."

"எப்போலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து."

"சனிக்கிழமை மாடிக்கு வந்தீங்களே, அப்ப கையில இருந்தது அந்த ஃபைலா?"

"ஆமா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சானடோரியத்தில் நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை. தாம்பரம் வரை போய், அடுத்த ரயிலில் திரும்பி வந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னோடு ஒரே தெருவில் நடக்க அவளுக்கு அன்று மனசு வரவில்லை.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுபாவிடம் சொன்னதாக அவரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, "பிரேயர்ல படிக்கப் போறதை எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க" என்றார்.

எழுதினேன். "எட்டாம் வகுப்பு மாணவியரின் சீருடை பற்றிய புதிய விதியை, தவிர்க்க முடியாத காரணத்தால், உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறிவிட்டேன்."

மேடம் அடிக்கோலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். அடிக்கோல் நகரவில்லை. நான் காத்திருந்தேன். கடைசியில் அவரே சிவப்புப் பேனாவை எடுத்து, "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்பதை அடித்தார். பிறகு "தெரிவிக்கத் தவறிவிட்டேன்" என்பதை அடித்துவிட்டு, "தெரிவிக்கவில்லை" என்று எழுதினார். பேனாவை மூடி வைத்து, "இப்ப சரியா இருக்கு" என்றார். ஏன் செய்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு ஜன்னலுக்கும் நேர் எதிரில்தான் அவர் அறை.

திங்கட்கிழமை பிரேயரில் மைக் முன்னால் நின்று படித்தேன். அந்தப் பதினோரு மாணவியர் மேல் தப்பில்லை, தெரிந்திருந்தும் நான் தெரிவிக்கவில்லை, அவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். மொத்தம் மூன்று வாக்கியம். எட்டாம் வகுப்பு வரிசையில் ரேவதி நின்றிருந்தாள். மேடம் பொங்கல் வரை அவகாசம் கொடுத்திருந்தும், கன்னியம்மா இரண்டே நாளில் சுடிதார் தைத்து அனுப்பியிருந்தார். நான் படித்து முடித்ததும் அவள் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான், அவளுக்கு அது முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்தாள்.

அந்த மாதமே சுபாவின் வேலை நிரந்தரமாயிற்று. உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். என்னை ஜன்னலிலிருந்து எடுத்து, இரண்டு வருடம் ஸ்டோர் ரூமில் சாக்பீஸும் பேப்பரும் கணக்குப் பார்க்கப் போட்டார்கள். வீட்டில் சுபா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. அவள் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் டிபன்பாக்ஸ் தனித்தனியாகக் கட்ட ஆரம்பித்தோம்.

அடுத்த மே மாதம் வந்தது. கூட்டத்துக்கு நான் போக வேண்டியிருக்காது என்று நினைத்தேன். முதல் நாள் சுபா படியிறங்கி வந்து, "அக்கா, நாளைக்கு ஃபைலோட வந்துடுங்க. பழைய இடத்துலயே உக்காருங்க" என்றாள்.

போனேன். அவள் முதல் விதியைச் சொன்னாள். நிறுத்தினாள். மைக்கிலேயே என் பக்கம் திரும்பி, "சரிதானேக்கா?" என்றாள். அறுநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அவள் காத்திருந்தாள். தலையாட்டல் போதவில்லை என்று புரிந்தது. "சரி" என்றேன். இரண்டாவது விதிக்குப் போனாள். மறுபடி நிறுத்தினாள். பதினான்கு விதி, பதினான்கு தடவை. பெரியவர்களுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறாள் பாருங்கள் என்று பின்வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும், ஹாலின் கோடியில் நின்ற மேடத்துக்கும்தான் அது என்னவென்று தெரியும்.

அதற்கடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். முதல் வருடம் ஒவ்வொரு "சரி"க்கும் எனக்கு உடம்பு கூசியது. மூன்றாவது வருடம், சில பெற்றோர் சுபா சொல்லும்போது தாளில் குறிக்காமல், நான் "சரி" என்றதும்தான் குறிக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். நான்காவது வருடம், கூட்டத்துக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

1996 என்று நினைக்கிறேன். கூட்டத்தன்று எனக்கு நல்ல காய்ச்சல். போகவில்லை. சாயங்காலம் சுபா கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் மாத்திரை, டாக்டர் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"என் எடத்துல யார் உக்காந்தா?"

"டைப்பிஸ்ட் பானு."

"அவகிட்டயும் கேட்டியா?"

"கேட்டேனே."

"சொன்னாளா?"

"நல்லா கணீர்னு சொன்னாக்கா" என்றாள் சுபா.

மறுநாள் காய்ச்சலோடு எழுந்து குளித்து, ஏழே முக்கால் ரயிலைப் பிடித்துவிட்டேன்.